கடைமடைக் குழந்தைக்கும் குரல் வேண்டும்!

மேட்டூரில் மதகு திறந்தார்கள் என்று செய்தி வந்தால், தஞ்சைத் தரணியின் உழவன் கேட்பது ஒரே கேள்விதான்: "தண்ணீர் கடைமடைக்கு வந்ததா?" அணையில் நிற்கும் தண்ணீரால் பயிர் விளைவதில்லை. அதே கேள்வியை அறிவியலைப் பார்த்தும் நாம் கேட்க வேண்டியிருக்கிறது, தோழர்களே!

மூன்று வயதாகியும் பேசாத குழந்தை. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத குழந்தை. வண்டிச் சக்கரத்தைச் சுற்றிவிட்டு மணிக்கணக்கில் அதையே பார்த்திருக்கும் குழந்தை. ஊர் என்ன சொல்கிறது? ஊமை என்கிறது. சாமி குற்றம் என்கிறது. தாயின் வளர்ப்பு சரியில்லை என்கிறது. மூன்றும் பொய்!

இதற்கு ஆட்டிசம் என்று பெயர். 1943-ல் லியோ கானர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதி இதை உலகுக்குக் காட்டினார். அன்பற்ற தாயே காரணம் என்று மேல்நாட்டுப் பண்டிதர்களும் ஒரு காலத்தில் பழி சுமத்தினர். அந்தப் பழியை அறிவியல் துடைத்தெறிந்துவிட்டது. மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடே இது. 2021-ஆம் ஆண்டுக் கணக்குப்படி உலகில் ஏறத்தாழ 127 பேரில் ஒருவருக்கு இது உண்டு என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்படியானால் திருபுவனத்துத் தறிக் குடும்பத்திலும், திருவிடைமருதூர் வயற்காட்டுக் குடிசையிலும் இக்குழந்தைகள் இருக்கமாட்டார்களா?

இவர்களில் பேச்சு வராத குழந்தைக்கும் சொல்ல வேண்டியது உண்டு. பசியும் வலியும் வாய் பேசுவோருக்கு மட்டுமா? தண்ணீர் படம் போட்ட அட்டையை எடுத்து நீட்டினால் தண்ணீர் கிடைக்கும் என்று குழந்தைக்குக் கற்பிக்கும் முறை 1985-ல் அமெரிக்காவில் உருவானது. அந்த வழியில் நம் சென்னையிலே பிறந்த கருவி 'ஆவாஸ்'. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த அஜித் நாராயணனும் தோழர்களும் படைத்தது. திரையில் உள்ள படத்தைக் குழந்தை தொட்டால் கருவி அதைச் சொல்லும், தமிழிலும் சொல்லும்.

"கருவி பேசினால் பிள்ளை பேசாமலே போய்விடாதா?" என்று பெற்றோர் அஞ்சுவது இயல்பு. ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. இது பேச்சைத் தடுப்பதில்லை; பல குழந்தைகளுக்குப் பேச்சு வரவும் துணை நிற்கிறது.

ஆனால், அழும் பிள்ளையின் கையில் கைபேசியைத் திணித்து வாயடைப்பது இதுவல்ல! அது வேடிக்கை, இது உரையாடல். ஆசிரியையும் படத்தைத் தொட்டபடியே பேச வேண்டும். பிள்ளை தொடும்வரை பொறுத்திருக்க வேண்டும். தொட்டவுடன் கேட்டதைக் கொடுக்க வேண்டும். பயிற்சி பெற்ற ஆசிரியை இல்லாத இடத்தில் கருவி வெறும் கண்ணாடித் துண்டு.

சட்டம் என்ன சொல்கிறது? 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தை ஏற்றுக்கொண்டது. இலவசக் கல்வி உரிமையையோ 6 வயது முதல் 18 வயது வரை என்று வரையறுத்தது. நாற்றங்காலில் உரமிடாமல், கதிர் வரும் நேரத்தில் உரமிடும் உழவன் உண்டா? மூளை விரைந்து வளர்வது ஆறு வயதுக்கு முன்பல்லவா?

அந்த வயதில் உழைப்பாளியின் பிள்ளை இருக்குமிடம், பால்வாடி என்று நாம் பழக்கத்தில் சொல்லும் அங்கன்வாடி. மாற்றுத்திறன் குழந்தைகளுக்காக அங்கன்வாடிகளுக்கென்று ஒரு நெறிமுறையை மத்திய அரசு 2023 நவம்பரில் வெளியிட்டது. எடையும் உயரமும் பதிய ஊழியர் கையில் கைபேசியும் இருக்கிறது. எடையைப் பதியும் கருவி, குழந்தையின் குரலாகவும் ஆகட்டுமே!

ஆகவே நாம் கேட்பது மூன்று. ஆண்டுக்கொரு முறை எல்லாக் குழந்தைகளையும் பரிசோதிக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்வது ஒவ்வொரு ஊரிலும் நடக்க வேண்டும். ஒவ்வொரு அங்கன்வாடியிலும் பட அட்டைகளும் பேசும் கருவியும் வேண்டும். அவற்றைக் கையாளும் பயிற்சியும், அதற்குரிய நேரமும், உழைப்புக்கேற்ற ஊதியமும் ஊழியருக்கு வேண்டும்.

தோழர்களே! உங்கள் தெருவில் அப்படியொரு குழந்தை இருந்தால், அந்தத் தாயைப் பழிப்போரின் வாயை முதலில் அடக்குங்கள். பிறகு அங்கன்வாடிக்கு அவளோடு நடந்து செல்லுங்கள். கிராம சபையில் எழுந்து நின்று கேளுங்கள். பேச முடியாத பிள்ளைக்காகப் பேச முடிந்த நாம் பேசாவிட்டால், யார் பேசுவார்?