மேய்க்கால் போன ஊரில் யாரோடு சண்டை?

கும்மிடிப்பூண்டி வட்டத்தில் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பரம்பரைக் கர்ணம், மணியம் பதவிகளை எம்.ஜி.ஆர். அரசு 1980-லேயே ஒழித்துவிட்டது. இருந்தும் பெரியவர்கள் என்னைக் கடைசிவரை 'கர்ணம்' என்றுதான் கூப்பிட்டார்கள். இன்றைக்கும் மனு எழுதித் தரச் சொல்லி யாராவது வீட்டுத் திண்ணையில் வந்து உட்காருகிறார்கள்.

சிப்காட் ஓரத்து ஊர் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் புகையும் சாலை மறியலும்தான் நினைவுக்கு வரும். அதுவும் உண்டு. உருக்காலைக்குப் பக்கத்து ஊரில் மொட்டைமாடியில் வெள்ளை வேட்டி காயப்போட்டுப் பாருங்கள், தெரியும். ஆனால் என் மேசைக்கு வந்த மனுக்களில் ஆலையின் பெயர் அபூர்வம். பங்காளி மேல் மனு, எதிர்வீட்டுக்காரர் மேல் மனு, முன்னாள் வார்டு உறுப்பினர் மேல் மனு.

காரணம் ரொம்ப எளிது. ஆலை வந்த பிறகு ஊரில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதமாகக் காசு வருகிறது. ஒருவர் வரிசையாக ரூம் கட்டி, ஒடிசா, பீகார் பையன்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். ஒரு ரூமுக்குள் எட்டுப் பேர். கழிவுநீர் தெருவில் ஓடுகிறது. எதிர்வீட்டு அம்மாவுக்கு நாற்றம் மட்டும்தான் பங்கு. இன்னொருவர் லாரி ஓட்டுகிறார், அவருக்குச் சாலை அகலமாக வேண்டும். ஆலையிலிருந்து வெளியே வரும் ஸ்கிராப்பை யார் எடுப்பது என்பதில் நடக்கும் அடிதடியைப் பற்றி எழுதினால் தனிக்கட்டுரை ஆகும், எனக்கும் வயதாகிவிட்டது. மாடு வைத்திருப்பவருக்கு இந்தக் காசு எதுவும் கிடையாது, மாட்டை ஓட்டிப்போக இடமும் கிடையாது.

அந்த இடத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். ஒரு கிராமத்தின் 'அ' பதிவேட்டைப் பிரித்தால் பட்டா நிலம் போக மீதியில் புறம்போக்கு என்று ஒரு வகை வரும். மேய்ச்சலுக்கான மேய்க்கால், மந்தைவெளி, களம், வண்டிப்பாதை, ஏரி, வாய்க்கால், சுடுகாடு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி சர்வே எண். அந்த நிலத்துப் புளியமரத்தில் காய் பறித்துக்கொள்ள '2சி பட்டா' என்று ஒன்று கொடுப்போம். மரத்தின் பலன் ஒருவருக்கு, நிலம் ஊருக்கு. அடுத்தவன் மாடு பயிரில் வாய் வைத்தால் நாலு பேர் கூடித் திட்டிவிட்டு மேய்க்காலுக்கு விரட்டிவிடுவார்கள், அதோடு சரி. மேய்க்கால் போன ஊரில் எங்கே விரட்டுவது? மாடு ஜி.என்.டி. சாலைக்குப் போகிறது, இல்லாவிட்டால் பக்கத்து வீட்டு முருங்கையைக் கடிக்கிறது. விஷயம் காவல் நிலையம்வரை போகிறது.

எங்கள் வட்டத்தில் இதற்குப் பெரிய சாட்சி தேர்வாய் கண்டிகை. பெரும்பாலும் தலித் மக்கள் வாழும் ஊர். அங்கே 1,100 ஏக்கருக்கு மேல் மேய்க்காலும் புதர்க்காடுமாக இருந்த நிலத்தைச் சிப்காட் பூங்காவுக்கு எடுத்தார்கள். காகிதத்தில் அது அரசு நிலம். ஊருக்கு அதுதான் விறகு, மேய்ச்சல், ஏரிக்குத் தண்ணீர் இறங்கும் சரிவு. 2009-இல் பிரெஞ்சு டயர் நிறுவனமான மிஷலின் தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டது. ஊர்ச் சங்கம் போராடியது, வழக்குக்குப் போனது. 2012-இல் பிரெஞ்சுத் தொழிற்சங்கம் ஒன்றும் சில அமைப்புகளும் துணைநிற்க, பன்னாட்டு நிறுவனங்கள் மேல் வரும் புகார்களைக் கேட்கும், பாரீஸில் உள்ள பிரெஞ்சு அரசுத் தொடர்பு மையம்வரை புகார் போனது. மறு வருடம் புகார் கொடுத்தவர்களே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். இன்று ஆலை ஓடுகிறது.

அதே ஊர்ப் பெயரைத் தாங்கிய கண்ணன்கோட்டை–தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கம் 2020 நவம்பரில் திறக்கப்பட்டது. 500 மில்லியன் கன அடி, 380 கோடி ரூபாய்ச் செலவு. தண்ணீர் சென்னைக்கு. இரண்டு ஊர் ஏரிகளைச் சேர்த்துக் கட்டியது. சென்னைக்காரர்களை நான் குறை சொல்லவில்லை, 2019 கோடையில் அவர்கள் பட்ட பாடு தெரியும். ஏரி போன ஊர்க்காரனும் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைவான் என்று மட்டும் சொல்கிறேன்.

என்னிடம் வந்த ஒரு மனுவைச் சொல்கிறேன், ஊர்ப் பெயர் வேண்டாம். குடோன் கட்டியவர்கள் வண்டிப்பாதையில் பாதியை மதிலுக்குள் இழுத்துக்கொண்டார்கள். உள்ளே இரண்டு ஏக்கர் நெல் வைத்திருந்தவரின் வயலுக்கு அறுவடை இயந்திரம் போக வழியில்லை. கையால் அறுக்க ஆளும் இல்லை, ஆட்கள் எல்லாம் ஷிப்டுக்குப் போய்விட்டார்கள். மனுவோடு வந்தவரைப் பின்னாலேயே துரத்திக்கொண்டு வந்தான் அவருடைய அண்ணன் மகன். குடோனில் வாட்ச்மேன் வேலை அவனுக்கு.

"சித்தப்பா, நீ மனு குடுத்தா மொதல்ல என்னைத்தான் வெளிய அனுப்புவாங்க. உனக்கு ஒரு போகம் போவுது, எனக்கு மாசச் சம்பளம் போவும்."

"டேய், உங்க தாத்தா எரு வண்டி ஓட்டுன பாதைடா அது."

"தாத்தாவா எனக்குச் சோறு போடறாரு?"

சர்வேயர் வந்து புலப்படத்தை வைத்து அளந்தார். மதில் பாதைக்குள் நிற்பது சந்தேகமில்லாமல் தெரிந்தது. 1905-ஆம் ஆண்டு ஆக்கிரமிப்புச் சட்டப்படி நோட்டீசும் போனது. அதற்குள் பெரிய மனிதர்கள் உட்கார்ந்து பேசி, மதிலில் ஒரு கேட் வைத்துத் தருவதாக முடித்துவிட்டார்கள். அறுவடைக் காலத்தில் சித்தப்பா சாவி கேட்பார், அண்ணன் மகன் திறந்துவிடுவான். ஊரே பாராட்டிய சமாதானம். எனக்கு இன்றும் அது ஒப்பவில்லை. பொதுப்பாதைக்கு ஒருவர் சாவி கேட்டு நிற்பதை எந்தப் பதிவேட்டில் எழுதுவது?

இப்படிப்பட்டதைப் பேசத்தான் கிராம சபை. தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. 500 பேர்வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 பேர்வரை 100, 10,000 பேர்வரை 200, அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். நூறு நாள் வேலைக்காரப் பெண்கள்தான் பெரும்பாலும் கணக்கை நிரப்புவார்கள். வாடகை ரூம்காரர், லாரிக்காரர், ஸ்கிராப்காரர் யாரும் வருவதில்லை. அவர்கள் பேச்சு வேறு இடத்தில் நடக்கும்.

வந்து உட்கார்ந்தாலும் எல்லார் பேச்சும் ஏறுமா என்பது வேறு கேள்வி. எங்கள் ஒன்றியத்து ஆத்துப்பாக்கத்தில் 2020 சுதந்திர தினத்தன்று, தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் ஊராட்சித் தலைவர் அமிர்தத்தையே கொடியேற்ற விடவில்லை. செய்தி வெளியே வந்த பிறகு, ஆகஸ்ட் 20-இல் மாவட்ட ஆட்சியர் நேரில் வந்து நின்று அவரைக் கொடியேற்ற வைத்தார். தலைவருக்கே அந்தக் கதி என்றால், மாடு மேய்க்கும் கிழவி எழுந்து "மேய்க்கால் எங்கே?" என்று கேட்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு எங்கள் ஊராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர் கைக்குப் போனது. தலைவர் வீட்டு வாசலில் கத்திவிட்டு வந்தவர்கள் ஒன்றிய அலுவலகத்துக்குப் பேருந்து ஏறத் தொடங்கினார்கள்.

திண்ணைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது சர்வே எண்ணைத்தான். 'பக்கத்து வீட்டுக்காரர் அராஜகம் செய்கிறார்' என்று இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வருவார்கள். அதை வைத்து எந்த அதிகாரியும் ஒன்றும் செய்ய முடியாது. 'இந்த சர்வே எண்ணில் உள்ள வண்டிப்பாதையை அளந்து காட்டவும்' என்று ஒரு வரி போதும். 'அ' பதிவேடும் புலப்படமும் இப்போது கைப்பேசியிலேயே பார்க்கக் கிடைக்கிறது. தாலுகாவில் வருடாவருடம் நடக்கும் ஜமாபந்திக்குப் போகும்போது இரண்டையும் நகல் எடுத்துக்கொண்டு போங்கள். மனு கொடுத்ததும் ஒப்புகைச் சீட்டை வாங்காமல் எழுந்து வராதீர்கள்.