இயந்திரம் நிற்கும் நேரமும் இல்லத்தின் பரக்கத்தும்

நபி தாவூத் (அலை) அவர்களுக்கு அல்லாஹுதஆலா இரும்பை மென்மையாக்கிக் கொடுத்தான். கொடுத்ததோடு, கவசத்தின் வளையங்களைச் சரியான அளவில் அமைக்குமாறும் பணித்தான். ஸூரா ஸபஃ இதனைக் கூறுகிறது. நபி ஸகரிய்யா (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள் என்பது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. றஸூலுல்லாஹி (ஸல்) அவர்களின் மிம்பரைச் செய்வித்தவரோ ஓர் அன்ஸாரிப் பெண்மணி. தச்சுவேலை தெரிந்த தமது அடிமையைக் கொண்டு, அல்-காபாவின் மரத்தில் மூன்று படிகளாக அதனைச் செய்து அனுப்பினார். ஆகவே, தச்சுப் பட்டறையின் காரியம் ஆண்களுக்கு மட்டுமே உரியது என்று எண்ணிவிட வேண்டாம்.

இன்று பல சிறு பட்டறைகளில் உளியின் இடத்தை சி.என்.சி. இயந்திரம் பிடித்துள்ளது. கணினி வழிகாட்ட, சுழலும் பிட் ஒன்று கதவிலும் கட்டிலிலும் பூவேலை செய்கிறது. கைக்குப் பல நாள் எடுக்கும் வேலை சில மணித்தியாலங்களில் முடிகிறது. ஆனால் இது இலேசான முதலீடு அல்ல. மனைவியின் நகையும் மகளின் சேமிப்பும் சேர்ந்தே பல வீடுகளில் இந்த இயந்திரம் வந்து சேர்கிறது. அது நின்றுவிட்டால் தவணை நிற்பதில்லை. நிகாஹ் வீட்டுக்கு ஒப்புக்கொண்ட கட்டில் தாமதமாகிறது. கொடுத்த வாக்கு முறிகிறது. கைமுட்டு வந்ததும் வட்டிக்கடையின் வாசல் கண்ணில் படுகிறது. இயந்திரத்தின் பராமரிப்பு மார்க்கத்தோடும் தொடர்புடையது என்று நாம் கூறுவது இதனாலேயே.

இயந்திரம் நிற்பதற்குக் காரணம் இரண்டு வகை. ஒன்று பழுது, மற்றது காத்திருப்பு. பழுது எல்லோர் கண்ணிலும் படும். பிட்டைத் தேடுவதும், பலகையைத் தூக்கி வருவதும், வரைபடக் கோப்பைத் திறந்து பார்ப்பதும் யாருடைய கணக்கிலும் வருவதில்லை. ஆகவே முதல் மருந்து ஒரு கொப்பி. திகதி, நின்ற நேரம், மீண்டும் தொடங்கிய நேரம், காரணம் என நான்கு கோடு போட்டு ஒரு மாதம் எழுதச் சொல்லுங்கள். வீட்டுக் கணக்கு எழுதும் சகோதரிகளே மாத முடிவில் கூட்டிப் பார்க்கலாம். நாளொன்றுக்கு 45 நிமிடம் வீணாகிறது என்று வைத்துக்கொள்வோம். 25 வேலை நாட்களில் அது 18 மணித்தியாலம் 45 நிமிடம். மாதத்தில் இரண்டு முழு வேலை நாட்களுக்கும் மேல்!

காத்திருப்பைக் குறைக்கும் வழியைப் பெண்கள் நன்கறிவர். சோறு கொதிக்கும்போதே தேங்காய் துருவி, வெங்காயம் அரிந்து வைக்கிறோம். அடுப்பை அணைத்துவிட்டு யாரும் வெங்காயம் அரிவதில்லை. ஜப்பானியப் பொறியியலாளர் ஷிகெயோ ஷிங்கோ தொழிற்சாலைகளில் புகுத்தியதும் இதே முறைதான். இயந்திரம் ஓடும்போதே செய்யக்கூடியவற்றை, அது நின்றபின் செய்ய வேண்டியவற்றிலிருந்து அவர் பிரித்தார். 1969இல் டொயோட்டா நிறுவனத்தின் 1,000 தொன் அழுத்த இயந்திரமொன்றில் அச்சு மாற்ற நான்கு மணித்தியாலம் சென்றது. அது முதலில் 90 நிமிடமாகவும், பின்னர் 3 நிமிடமாகவும் குறைந்தது. நமது பட்டறையிலும் ஒரு பலகை வெட்டுப்படும்போதே அடுத்த பலகை அளந்து பக்கத்தில் இருக்க வேண்டும். அடுத்த பிட்டும் அதற்குரிய சாவியும் தட்டில் தயாராக இருக்க வேண்டும்.

இனிப் பழுது. அதன் பெரிய எதிரி மரத்தூள். தூள் தண்டவாளத்தில் படிந்து கிரீஸுடன் கலந்தால், உரைகடதாசி போல் தேய்க்கும். காற்றுக்குழாயால் ஊதுவது அத்தூளைப் பெயாரிங்குக்கு உள்ளேயே தள்ளிவிடும். தூரிகையாலும் உறிஞ்சியாலும் எடுப்பதே நலம். பிட்டைப் பிடிக்கும் கொலட்டைப் பிட் மாற்றும்போதெல்லாம் துடைக்க வேண்டும். தேய்ந்த கொலட் பிட்டை முறிக்கும். தேக்கில் இயற்கையாகவே மணற்சத்து உண்டு, எம்.டி.எஃப். பலகையில் பசை உண்டு. இரண்டும் பிட்டின் கூரை விரைவில் மழுக்கும். சீவல் விழுந்த இடத்தில் மாவு போல் தூள் விழுந்தாலோ, மரம் கருகி மணத்தாலோ, பிட்டை மாற்றும் வேளை வந்துவிட்டது. காலையில் எடுத்த எடுப்பிலேயே நிமிடத்துக்கு 18,000 சுற்றில் ஓட்டாது, குறைந்த வேகத்தில் சில நிமிடம் சூடேற விட்டால் பெயாரிங் நீடித்து உழைக்கும். துடைப்பவர் இயந்திரத்தை ஓட்டுபவராகவே இருத்தல் நன்று. துடைக்கும் கைக்குத்தான் தளர்ந்த ஆணியும் கசியும் குழாயும் முதலில் தட்டுப்படும்.

மின்சாரமும் ஒரு சோதனை. 2022 மார்ச் இறுதியில் நம் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். வேலை நடுவில் மின்சாரம் போனால் இயந்திரம் தான் நின்ற இடத்தை மறந்துவிடக்கூடும். ஆகவே ஒவ்வொரு வேலையின் பூச்சியப் புள்ளியையும் கொப்பியில் குறித்து வைக்க வேண்டும். கட்டுப்படுத்தும் கணினிக்கு ஒரு யூ.பி.எஸ். இருக்கட்டும். வரைபடங்களின் பிரதி ஒன்று வீட்டிலும் இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று, இது சகோதரிகளின் பொறுப்பு. ஒவ்வொரு கட்டளைக்கும் பணம் வந்தவுடன் சிறு தொகையை உதிரிப்பாகத்துக்கென்று தனியே எடுத்து வையுங்கள். அடிக்கடி தேவைப்படும் பிட்டுகளும் ஒரு கொலட்டும் எப்போதும் மேலதிகமாக இருக்கட்டும். அந்த உண்டியல் நிறைந்திருக்கும் வீட்டில், இயந்திரம் நின்ற நாளில் நகை அடகுக்குப் போகாது.

கருவியைக் காப்பது தவக்குலுக்கு முரணானதல்ல. ஒட்டகத்தைக் கட்டிவிட்டே அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டுமாறு நமக்குக் கற்பிக்கப்பட்டுள்ளது. எமது கைகளின் உழைப்பிலும் கொடுத்த வாக்கை நிறைவேற்றுவதிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.