பந்துக்கு முன்னே ஓடும் கண்

தருவைகுளம் கடற்கரையில் அலை நனைத்துவிட்டுப் போன ஈர மணல்தான் பையன்களுக்கு பிட்ச். காய்ந்த மணலில் பந்து எழும்பாது, புதைந்துவிடும். ஸ்டம்புக்கு ஓர் உடைந்த ஐஸ் பெட்டி. ஒரு மாலை அங்கே வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றேன். ஐந்தடிகூட வளராத ஒரு பையன் பேட் பிடித்திருந்தான். ரப்பர் பந்து அவனைத் தாண்டிவிட்டது, போச்சு என்று நான் நினைத்த நேரத்தில் பேட்டை அதன் தலையில் லேசாகத் தட்டினான். பந்து படகுகளுக்கு நடுவே ஓடி மறைந்தது. எனக்கு குண்டப்பா விஸ்வநாத் ஞாபகம் வந்துவிட்டார்.

1949இல் கர்நாடகத்துப் பத்ராவதியில் பிறந்தவர், குள்ளமான மனிதர். 1969இல் கான்பூரில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான அறிமுக டெஸ்டில் முதல் இன்னிங்ஸில் முட்டை, இரண்டாவதில் 137. மொத்தம் 91 டெஸ்ட், 6080 ரன், 14 சதம். அந்தப் பதினான்கில் ஒன்றில்கூட இந்தியா தோற்றதில்லை. ஆனால் சேப்பாக்கத்தில் அவர் பெயரைச் சொன்னால் பெரியவர்கள் சதத்தைப் பேச மாட்டார்கள். 1975 பொங்கல் டெஸ்டில், ஆட்டமிழக்காமல் அவர் எடுத்த 97ஐத்தான் பேசுவார்கள். எதிரே மேற்கிந்தியத் தீவுகளின் ஆண்டி ராபர்ட்ஸ்.

அந்த 97க்குள் என்ன நடந்தது என்று பார்க்க, ஒரு சின்னக் கணக்குப் போடலாம். வேகப்பந்து மணிக்கு 145 கிலோமீட்டர் என்று வையுங்கள். நொடிக்கு 40 மீட்டர். கோட்டிலிருந்து கோட்டுக்கு 17.7 மீட்டர்தான். ஆக, அரை நொடிகூட இல்லை. ‘தூத்துக்குடி’ என்று சொல்ல வாயெடுத்தால் ‘தூத்து’வைத் தாண்டுவதற்குள் பந்து வந்துவிடும்.

அந்த அரை நொடியும் முழுசாகக் கைக்கு வராது. கண் பார்த்து, மூளை புரிந்து, தசைக்கு ஆணை போய்ச் சேர ஏறத்தாழ 0.2 நொடி ஆகிறது. அதற்குள் பந்து ஏழெட்டு மீட்டர் கடந்துவிடும். 1987இல் பீட்டர் மெக்லியோட் என்ற ஆய்வாளர் ஒரு குறும்பு செய்தார். பிட்சின் விரிப்புக்கு அடியில் மரக்குச்சிகளை ஒளித்து வைத்தார். பந்து குச்சியில் பட்டால் எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. ஆடியவர்கள் சர்வதேச வீரர்கள். கடைசி 0.2 நொடிக்குள் பந்து திரும்பினால் அவர்களாலும் பேட்டை மாற்ற முடியவில்லை. சாதாரண மனிதனைவிட அவர்களுடைய நரம்பு ஒன்றும் வேகமாக ஓடவில்லை!

அப்படியானால் வித்தை எங்கே? 2000இல் மைக்கேல் லேண்டும் அதே மெக்லியோடும் பேட்ஸ்மேன்களின் தலையில் குட்டி கேமரா மாட்டி, கண் எங்கே பார்க்கிறது என்று பதிவு செய்தார்கள். பந்து புறப்படும் வரை கண் பந்துவீச்சாளரின் கையிலேயே நிற்கிறது. பிறகு பந்தை விட்டுவிடுகிறது! அது குத்தப்போகும் இடத்துக்கு முன்கூட்டியே பாய்ந்து, பந்து வருவதற்காக அங்கே காத்திருக்கிறது. ஆட்டம் தெரிந்தவருக்கு இந்தப் பாய்ச்சல் இன்னும் சீக்கிரம் நிகழ்கிறது.

இதைக் கண்தாவல் என்று சொல்லலாம்: பார்வை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு ஒரே வீச்சில் பாய்வது. இந்த வரியைப் படிக்கும்போதும் உங்கள் கண் வழுக்கிக்கொண்டு போகவில்லை, தாவித் தாவித்தான் போகிறது. தாவும் கணத்தில் மூளை காட்சியை மங்கவைத்துவிடும். நம்பிக்கை இல்லையென்றால் கண்ணாடி முன் நின்று, இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாறிமாறிப் பாருங்கள். கண் அசைவது பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது.

இந்த ஆய்வைப் படித்தபோது தருவைகுளத்தில் வீச்சுவலை வைத்திருந்த ஒரு பெரியவர் சொன்னது நினைவுக்கு வந்தது. “தம்பி, மீனு நிக்கிற எடத்துல வீசுனா தண்ணிதான் வரும். அது போற எடத்துல வீசணும்.” அவர் வலையால் செய்வதைப் பேட்ஸ்மேன் கண்ணால் செய்கிறார்.

குத்தப்போவது எந்த இடம் என்பதைப் பந்து கையை விட்டதும் கிடைக்கும் ஒரு துளி நேரத்தில் ஊகிக்க வேண்டும். தேர்ந்தவர்கள் அதற்கும் முன்பே, பந்துவீச்சாளரின் தோளையும் மணிக்கட்டையும் பார்த்தே பாதி ஊகித்துவிடுகிறார்கள். ராபர்ட்ஸ் கைவைத்தது இந்த ஊகத்தில்தான். அவரிடம் இரண்டு பவுன்சர்கள் இருந்தன. கை சுழலும் விதம் ஒன்றுபோலவே இருக்கும். ஒன்று கொஞ்சம் மெதுவாக வரும், அடிக்க ஆசை காட்டும். அடுத்தது அதைவிட வேகம். முதலாவதைப் பழகிய கண் தவறான நேரத்தில் தவறான உயரத்துக்குத் தாவும். சேப்பாக்கத்தில் அந்த இன்னிங்ஸில் அவர் ஏழு விக்கெட் எடுத்தார். இந்தியாவின் மொத்தமே 190. அதில் பாதிக்கு மேல் விஸ்வநாத்துடையது.

விஸ்வநாத்தின் புகழ்பெற்ற அடி ஸ்கொயர் கட். பந்து உடம்பைத் தாண்டப் போகும்போது, மணிக்கட்டைச் சொடுக்கி அடிப்பது. பார்ப்பவர்கள் அதை அழகு என்பார்கள். எனக்கு அது நேரச் சேமிப்பாகத் தெரிகிறது. குத்தி எழுந்த பந்தை அரை மீட்டர் தள்ளி அடித்தால் ஏறக்குறைய 15 மில்லிநொடி கூடுதலாகக் கிடைக்கும். ஒரு தடவை இமைப்பதில் பத்தில் ஒரு பங்கு. அற்பம்தான். ஆனால் பேட்டும் பந்தும் தொட்டுக்கொண்டிருப்பதே ஏறத்தாழ ஒரு மில்லிநொடி. அந்த அளவுகோலில் பதினைந்து பெரிய சொத்து. பெரிய வீச்சுக்கு முன்கூட்டியே பேட்டைத் தூக்கியாக வேண்டும். மணிக்கட்டுச் சொடுக்குக்கு அந்த அவசரம் இல்லை.

சேப்பாக்கத்தில் கடைசி ஆளாக இறங்கிய சந்திரசேகர் அவுட்டாகிவிட, சதத்துக்கு மூன்று ரன் பாக்கி நின்றது. ஆட்டத்தை இந்தியா 100 ரன் வித்தியாசத்தில் வென்றது.

படகுக்கடியிலிருந்து பந்தைப் பொறுக்கிக்கொண்டு வந்த பையனிடம் கேட்டேன்: “பந்த எதுவரைக்கும் பாத்த?”

“பேட்டுல படுற வரைக்கும்ணே” என்றான், சந்தேகமே இல்லாமல்.