டொன்சில் எடுத்த பெரியவர்களுக்கு

34 வயதில் டொன்சில் வெட்டினேன். பிள்ளைகள் கெதியாய் எழும்பி ஓடித் திரிவார்கள். எங்களுக்கு 2 கிழமை செல்லும். தொண்டையில் வெள்ளையாய்ப் படிவது சீழல்ல, புண் ஆறுகிற பொருக்கு. காதும் குத்தும். டொக்டர் தந்த குளிசையை நேரந்தவறாமல் போடுங்கள், அஸ்பிரின் வேண்டாம். தண்ணீர், ஆறின கஞ்சி விழுங்கத்தான் வேண்டும்.

பொருக்குக் கழரும் 5ஆம் நாளிலிருந்து 10ஆம் நாள் வரை கவனம். வேலை போய்விடுமென்ற பயத்தில் நான் 6ஆம் நாளே பக்டரிக்குப் போனேன். மறுநாள் இரவு வாய் நிறைய இரத்தம். விடியட்டும் என்று கையால் காட்டினேன். மனைவி கேட்கவில்லை; அரைகுறை டொச்சில் 112க்கு அடித்தாள். அன்றிரவே திரும்பவும் மயக்கித்தான் இரத்தத்தை நிறுத்தினார்கள்.

ஜேர்மனியில் 4 கிழமை வேலையில் இருந்தவருக்கு, டொக்டரின் கடிதத்துடன் 6 கிழமை வரை முதலாளி சம்பளம் தரவேண்டும். இதை எனக்குச் சொன்னவர் பக்கத்துக் கட்டில் துருக்கிக்காரர்.