களை எடுக்கவும் ஒரு பாடவேளை

தென்சென்னையில் நான் பணியாற்றும் அரசுப் பள்ளியின் பின்புறம் சிறிய காய்கறித் தோட்டம் ஒன்று இருக்கிறது. வெண்டை, கத்தரி, தண்டுக்கீரை, சின்ன வெங்காயம் என நான்கைந்து பாத்திகள். தொடங்கிய ஆண்டில் நான் ஒரு தவறு செய்தேன். தாமதமாக வரும் மாணவர்களைக் களை பறிக்க அனுப்பினேன். அவர்களும் கைக்குக் கிடைத்ததைப் பிய்த்துப் போட்டுவிட்டு வகுப்புக்கு ஓடிவந்துவிடுவார்கள். ஐப்பசி மழைக்குப் பின் பார்த்தால் பாத்தி முழுக்கக் கோரை. வெண்டைச் செடியைத் தேட வேண்டியிருந்தது. தோட்டம் என்றாலே தண்டனை என்று பிள்ளைகள் முகம் சுளித்தது அதைவிட வருத்தம்.

மறு ஆண்டு களையெடுப்பை அறிவியல் பாடவேளைக்குள் கொண்டுவந்தேன். அந்த அனுபவம் தோட்டம் வைத்திருக்கும் மற்ற பள்ளிகளுக்கும் பயன்படலாம்.

முதலில் பெயர் தெரியட்டும்

ஆளுக்கொரு களைச்செடியைக் கொண்டுவந்து படம் வரைந்து, பெயர் எழுதச் சொன்னேன். சாரணையும் பருப்புக்கீரையும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். பூத்தால் வேறுபாடு தெரிந்துவிடும்: பருப்புக்கீரையின் பூ மஞ்சள், சாரணையின் பூ இளஞ்சிவப்பு அல்லது வெள்ளை. "இதை எங்க ஆயா கடைஞ்சு தருவாங்க மிஸ்" என்று பருப்புக்கீரையைக் காட்டினாள் ஒரு மாணவி. கீழாநெல்லியும் குப்பைமேனியும் வந்தன. நாம் விதைத்த பயிரோடு போட்டியிடும்போதுதான் ஒரு செடி களையாகிறது என்பதை நான் விளக்காமலே வகுப்பு புரிந்துகொண்டது.

கோரை ஏன் மீண்டும் வருகிறது?

கோரையின் உயிர் மண்ணுக்குள் இருக்கிறது. அதன் கிழங்குகள் மெல்லிய தண்டுகளால் சங்கிலிபோல இணைந்திருக்கும். மேலே பிய்த்தால் கிழங்கு மறுபடி துளிர்க்கும். என் பழைய மாணவர்கள் செய்ததும் இதைத்தான். கைக்கொத்தால் ஆழமாகக் கிளறி, கிழங்குகளைப் பொறுக்கி, வெயிலில் நன்றாகக் காயவிட வேண்டும். கோடை விடுமுறைக்கு முன் மண்ணைக் கொத்திப் புரட்டிவிட்டால் வெயிலே பாதி வேலையைச் செய்துவிடும். கோரைக்கு நிழல் ஆகாது. எனவே அந்த இடத்தில் பூசணி போன்ற படரும் கொடியை விடலாம்.

எப்போது எடுப்பது?

பெரும்பாலான காய்கறிகளுக்கு முதல் 30 முதல் 40 நாட்கள் முக்கியமானவை. நாற்று சிறிதாக இருக்கும் அந்நாட்களில் நீர், உரம், வெளிச்சம் மூன்றிலும் களை முந்திக்கொள்ளும். ஏறத்தாழ 15 முதல் 20 நாட்களில் ஒருமுறையும், 30 முதல் 35 நாட்களில் மறுமுறையும் களையெடுப்பது நல்லது. சின்ன வெங்காயத்தின் இலைகள் ஒடுங்கி நிமிர்ந்திருப்பதால் மண்ணில் நிழல் விழாது. அதற்குக் கூடுதல் கவனம் தேவை. எந்தக் களையையும் பூத்து விதை உதிர்க்கும் முன் எடுத்துவிட வேண்டும்.

சருகு மூடாக்கு

சென்னைப் பள்ளிகளில் தூங்குமூஞ்சி மரச் சருகுக்குப் பஞ்சமில்லை. குப்பைக்குப் போகும் அதை ஒரு பாத்தியில் மூன்று விரற்கடை உயரத்துக்குப் பரப்பினோம். இன்னொரு பாத்தியை வெறுமனே விட்டோம். இரண்டு வாரம் கழித்து, இரண்டிலும் ஒரு சதுர அடியில் முளைத்த களைகளை எண்ணினார்கள். சருகுப் பாத்தியில் குறைவு. ஈரமும் காயாமல் இருந்தது. அந்த எண்ணிக்கையே கணக்கு வகுப்பில் பட்டை விளக்கப்படமானது. ஆனால் கூரிய முனையுள்ள கோரை மட்டும் மூடாக்கைத் துளைத்துக்கொண்டு வரும் என்பதையும் பார்த்தோம்.

இரண்டு எச்சரிக்கைகள்

பார்த்தீனியத்தைப் பிள்ளைகள் தொடக் கூடாது. தோல் ஒவ்வாமையும் மூச்சுத்திணறலும் வரலாம். பெரியவர்கள் கையுறை அணிந்து, பூக்கும் முன் வேரோடு எடுக்க வேண்டும்.

களைக்கொல்லி அடித்தால் எளிதாக முடியும் என்று சிலர் யோசனை சொல்வார்கள். பிள்ளைகள் வெறுங்கையோடு மண்ணைத் தொடும் இடம் இது. இங்கு விளையும் கீரை சத்துணவுக்குப் போகிறது. களைக்கொல்லி வேண்டவே வேண்டாம். கிளைபோசேட் தெளிப்பதையே 2022 அக்டோபரில் மத்திய அரசு பூச்சிக்கட்டுப்பாட்டுப் பணியாளர்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது.

திருவள்ளுவர் பிறந்த ஊர் என மரபாகச் சொல்லப்படும் மயிலாப்பூர் எங்களுக்கு அருகில்தான். உழவு அதிகாரத்தில் எரு, நீர், காவல் ஆகியவற்றோடு களையெடுத்தலையும் அவர் சேர்த்திருப்பதைத் தோட்டத்தில் நின்றே படித்தோம். இப்போது தாமதமாக வருபவர்கள் நேரே வகுப்புக்கு வருகிறார்கள். களையெடுக்கும் நாளில் கைக்கொத்து யாருக்கு என்றுதான் போட்டி.