பழந்தமிழ் நூல்களில் உலகத் தோற்றச் சிந்தனை: தொடர்பு, கலப்பு, வரன்முறை

முன்னுரை

நிலமும் வானும் எவ்வாறு தோன்றின என்னும் வினா எல்லாப் பண்பாடுகளிலும் எழுந்துள்ளது. கருவிகளும் அளவீடுகளும் இல்லாத காலத்தில் அவ்வினாவுக்குக் கூறப்பட்ட விடைகள் பெரும்பாலும் ஊகத்தின்பாற்பட்டவை. பழந்தமிழ் நூல்களிலும் இத்தகைய ஊகங்கள் உள்ளன. அண்மைக் கால மேடைகளிலும் கட்டுரைகளிலும் இவற்றை ஒன்றாகத் திரட்டி, 'பெருவெடிப்புக் கொள்கையைத் தமிழர் முன்பே கண்டனர்' எனக் கூறும் போக்கு மிகுந்து வருகிறது. அந்நூல்கள் ஐம்பூதங்களைப் பற்றிக் கூறுவன ஒரே கருத்தா, வெவ்வேறு கருத்துகளா என்பதை இக்கட்டுரை விளக்க முயல்கிறது. தொல்காப்பியம், புறநானூறு, பரிபாடல், மணிமேகலை ஆகிய நான்கு நூல்களின் பகுதிகள் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

தொடர்பும் கலப்பும்

புறநானூற்றின் இரண்டாம் பாடல் முரஞ்சியூர் முடிநாகராயர் சேரமான் பெருஞ்சோற்று உதியஞ்சேரலாதனைப் பாடியது. நிலம், விசும்பு, வளி, தீ, நீர் என்னும் வரிசையில் பூதங்கள் அதில் அமைகின்றன. ஒவ்வொரு பூதமும் தனக்கு முன் நிற்பதனோடு தொடர்புபடுத்தப்படுகிறது. நீர் தீக்கு முரணானது என்பது போன்றே ஏனைய இணைப்புகளும் அமைகின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்னும் கருத்து அங்கில்லை. பூதங்களின் இயல்பை மன்னனின் பொறுமை, சூழ்ச்சி, வலிமை, அழிக்கும் ஆற்றல், அருள் ஆகியவற்றுக்கு உவமையாக்குவதே புலவரின் நோக்கம். ஆகவே இப்பாடல் பூதங்களின் தொடர்பைக் கூறுவதே அன்றித் தோற்றத்தைக் கூறுவதன்று.

தொல்காப்பிய மரபியல் நூற்பா ஐம்பூதங்களும் கலந்த மயக்கமே உலகம் என்கிறது. இது உலகின் ஆக்கப்பொருள் யாது என்னும் வினாவுக்கு விடையாகும். எது முதலில் தோன்றியது, எது பின்னர்த் தோன்றியது என்பதை நூற்பா பேசவில்லை. அது இடம்பெறும் சூழலும் கருதத்தக்கது. இருதிணை ஐம்பால் நெறி வழுவாமல் சொற்களை ஆளவேண்டும் என்னும் வழக்கு விதிக்கு அடிப்படையாகவே உலகின் இயல்பு அங்குச் சுட்டப்படுகிறது.

வரன்முறைத் தோற்றம்

தோற்றத்தை வரன்முறையாகக் கூறுவது பரிபாடலின் இரண்டாம் பாடலாகும். கீரந்தையார் திருமாலைப் பாடிய இப்பாடல், உ.வே. சாமிநாதையர் 1918இல் பரிமேலழகர் உரையுடன் பதிப்பித்த நூலில் உள்ளது. இதில் முதற்கண் உருவம் அறியப்படாத வானின் ஊழியும், அதன்பின் காற்று, தீ, குளிர்ந்த மழை ஆகியவற்றின் ஊழிகளும் கூறப்படுகின்றன. பின்னர் வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்து நிலம் வெளிப்படும் ஊழி வருகிறது. இவ்வூழிகளின் நீளத்தைச் சுட்ட நெய்தல், குவளை, ஆம்பல், சங்கம், கமலம், வெள்ளம் என்னும் பேரெண்கள் ஆளப்படுகின்றன.

இவ்வரிசை தைத்திரீய உபநிடதம் கூறும் வான், காற்று, தீ, நீர், நிலம் என்னும் வரிசையோடு ஒத்துள்ளது. மணிமேகலையின் 'சமயக் கணக்கர்தம் திறங்கேட்ட காதை'யில் சாங்கியவாதியும் இதே வரிசையைக் கூறுகிறான். மூலப்பகுதியிலிருந்து புத்தியும், அதிலிருந்து வானும், பின்னர் முறையே காற்று, தீ, நீர், மண் ஆகியவையும் வெளிப்படும் என்பதும், அவை வந்த வழியே சென்று ஒடுங்கும் என்பதும் அவன் கொள்கை. ஆகவே பரிபாடலின் வரன்முறை தனித்து நிற்பதன்று. அது இந்தியத் தத்துவ மரபுகள் பலவற்றுக்கும் பொதுவான ஒரு சிந்தனையின் தமிழ் வடிவமாகும்.

மறுக்கும் குரல்

அதே காதையில் இவ்வரன்முறையை ஏற்காத கொள்கையும் இடம்பெறுகிறது. நிலம், நீர், தீ, காற்று ஆகிய நால்வகை அணுக்களும் உயிரும் என ஐந்தை ஆசீவகவாதி கூறுகிறான். அணுக்களுக்குத் தொடக்கம் இல்லை. அவை புதிதாய்ப் பிறப்பதில்லை, சிதைவதில்லை, பிளவுபடுவதில்லை. நீரின் அணு நிலத்தின் அணுவாகத் திரிவதும் இல்லை. அவை கூடுவதாலும் பிரிவதாலுமே மலை முதலிய பொருள்கள் உண்டாகின்றன.

நீரிலிருந்து மண் தோன்றும் என்னும் சாங்கியக் கொள்கைக்கு இது நேர் எதிரானது. ஒன்று வரிசையான வெளிப்பாட்டைக் கூற, மற்றொன்று தொடக்கமே இல்லை என்கிறது. பூதவாதியோ பூவும் வெல்லமும் பிறவும் சேர்ந்த கலவையில் மதுவின் களிப்பு பிறப்பது போலப் பூதங்களின் சேர்க்கையில் உணர்வு பிறக்கும் என்கிறான். உலகத் தோற்றம் பற்றித் தமிழ் நூல்களில் நிலவியது ஒருமித்த கருத்தன்று, விவாதமே என்பதற்கு இக்காதை சான்றாகிறது.

அறிவியலோடு ஒப்பிடுதலின் எல்லை

1755இல் காண்ட்டும் 1796இல் லாப்லாசும் கதிரவக் குடும்பம் சுழலும் வாயுப் படலத்திலிருந்து உருவானது எனக் கருதினர். 1929இல் ஹபிள் விண்மீன் மண்டலங்கள் விலகிச் செல்லும் வேகத்துக்கும் தொலைவுக்கும் உள்ள தொடர்பை வெளியிட்டார். 1931இல் லெமைத்தர் ஆதி அணு பற்றிய கருத்தை முன்வைத்தார். 1948இல் முன்வைக்கப்பட்ட நிலைபேற்றுக் கொள்கை இதற்குப் போட்டியாக நின்றது. பென்சியாசும் வில்சனும் கண்டறிந்து 1965இல் அறிவித்த அண்டப் பின்னணிக் கதிர்வீச்சு பெருவெடிப்புக் கொள்கைக்கு வலுச் சேர்த்தது. அண்டத்தின் வயது ஏறத்தாழ 1380 கோடி ஆண்டுகள், புவியின் வயது ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள் என இன்று கணிக்கப்படுகின்றன. இவையும் ஊகமாகவே தொடங்கின. ஆயினும் சான்றுக்கு முரணானால் கைவிடப்படும் என்னும் நிபந்தனைக்கு அவை உட்பட்டிருந்தன.

பரிபாடலின் நிலை வேறு. முந்திய உலகங்கள் பாழ்பட்ட பின்னரே அப்பாடலில் வானின் ஊழி வருகிறது. எனவே அது கூறுவது முதல் தோற்றத்தை அன்று, மீள்தோற்றத்தையே. வானோடு சேர்த்துக் கூறப்படும் இசையை வெடிப்பின் ஒலியாகக் கொள்வதும் பொருந்தாது. ஒலி வானின் பண்பு என்னும் தத்துவ மரபே அங்கு நிற்கிறது. மேலும் ஊழிகளை அடுக்குவதன் பயன் கணக்கீடன்று. அவ்வளவு ஊழிகளையும் கடந்த இறைவனின் தொன்மையை எவரும் அறியார் என்பதே புலவர் வந்தடையும் முடிபு. அறிவின் எல்லையை உணர்த்த எழுந்த பாடலை முடிந்த கண்டுபிடிப்பாகக் காட்டுவது அதன் உட்கருத்தையே மாற்றிவிடும்.

முடிவுரை

புறநானூறு பூதங்களின் தொடர்பையும், தொல்காப்பியம் அவற்றின் கலப்பையும், பரிபாடல் அவற்றின் வரன்முறையையும் கூறுகின்றன. மணிமேகலை வரன்முறையை ஏற்போரையும் மறுப்போரையும் ஒரே அரங்கில் நிறுத்துகிறது. இவற்றைப் பெருவெடிப்பு என்னும் ஒற்றைச் சொல்லுக்குள் அடக்கினால் புறநானூற்றின் உவமை நோக்கமும் தொல்காப்பியத்தின் இலக்கண நோக்கமும் மறைந்துபோகும். அறிவியல் கொள்கை நாளை திருத்தம் பெற்றால், அதனோடு பிணைக்கப்பட்ட பாடலின் மதிப்பும் குறைந்ததாகத் தோன்றும். ஆசீவகவாதியின் மறுப்பும் கேட்கப்படாது போகும். அம்மறுப்புக்கு இடமளித்த விவாத மரபே இந்நூல்கள் வழி அறியப்படும் பெருமையாகும். அதனை அந்நூல்களின் சொல்லிலும் சூழலிலும் நின்றே ஆராய்தல் வேண்டும்.