கொல்லைக் கனியும் எளியோர் பங்கும்

ஒலிவமரத்தை ஒருமுறை உதிர்த்தவன் மறுபடியும் கொப்புகளை ஆராயலாகாது என்று உபாகமம் 24:20 விதிக்கிறது. கிளையில் தங்கியது பரதேசிக்கும் திக்கற்றோருக்கும் விதவைக்கும் உரியது. ஆகவே அது ஈகையன்று, அவர்கள் பங்கு. ரூத் வயலுக்குள் தானே சென்று பொறுக்கினாள். நம் கொல்லைகளுக்கோ மதிலும் பூட்டும் உண்டு. எனவே சபைத் தொண்டரே பறித்துக் கொண்டுசேர்க்க வேண்டியதாகிறது.

மா, பலா, கொய்யா எவ்வீட்டில் உண்டெனப் பருவத்திற்கு முன்னரே குறித்து, வீட்டார் இசைவைப் பெறுவோமாக. அழுகி விழுந்ததைப் பொறுக்கிக் கொடுத்தல் கொல்லையைக் கூட்டுவதேயன்றித் தொண்டாகாது. முற்றிய மாங்காயைத் தொரட்டியில் கட்டிய வலையால் அடிபடாமல் இறக்கி, வைக்கோலிட்டுப் பழுக்கவைக்கலாம். பெறுவோர் பெயரை ஆராதனையில் வாசித்தல் தகாது. முதல் மரம் குருமனை மரமாகவே இருக்கட்டும். அதன் கனிகள் இதுவரை எங்கே சென்றன என்பதைச் சபையார் நன்கறிவர்.